ஸ்மார்ட்வாட்ச்சா, உறுதியான ஜிபிஎஸ் கடிகாரமா? ஹவுரா பாலம் முதல் சந்தக்பூ வரை ஒரு விளக்கம்

ஹவுரா: ஹவுரா பாலத்தின் நடைபாதையில் அதிகாலை ஓட்டத்தை முடித்துவிட்டு, கைக்கடிகாரம் பதிவு செய்த வரைபடத்தைத் திறந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் ஏற்படலாம். நேராக ஓடிய பாதை திரையில் கோணல்மாணலாகத் தெரியும். சில இடங்களில் அந்தக் கோடு பாலத்தை விட்டு விலகி ஹூக்ளி நதியின் மீதே செல்லும். கடிகாரம் பழுதடைந்துவிட்டது என்றும், இன்னும் விலை உயர்ந்த, 'உறுதியான' ஒன்றை வாங்க வேண்டும் என்றும் எண்ணத் தோன்றுவது இயல்பு.

அந்த எண்ணத்தின் விலை சிறியதல்ல. ஆப்பிள் நிறுவனத்தின் வாட்ச் அல்ட்ரா 2022-இல் இந்தியாவில் ரூ.89,900-க்கு அறிமுகமானது. கார்மின், சுன்டோ போன்ற நிறுவனங்களின் உயர்நிலை மலையேற்றக் கடிகாரங்களும் நடுத்தரக் குடும்பம் ஒன்று யோசித்தே வாங்க வேண்டிய விலையில்தான் உள்ளன. மலையிலோ ஆற்றிலோ தவறான கருவியை நம்பிச் சென்றால் இழப்பு பணத்தோடு நிற்பதும் இல்லை. எனவே இரண்டு வகைக் கடிகாரங்களுக்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாட்டைப் புரிந்துகொள்வது அவசியமாகிறது. விளம்பரங்கள் முன்னிறுத்துவது கடிகாரத்தின் கூட்டையும் கண்ணாடியையும். ஆனால் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது பெரும்பாலும் பேட்டரிதான்.

இரண்டு வழித்தோன்றல்கள்

இவ்விரு கருவிகளும் வெவ்வேறு மூதாதையரிடமிருந்து வந்தவை. 1989-இல் தொடங்கப்பட்ட கார்மின், விமானங்களுக்கும் படகுகளுக்கும் ஜிபிஎஸ் கருவிகளைத் தயாரித்த நிறுவனம். 2003-இல் அது வெளியிட்ட முதல் 'ஃபோர்ரன்னர்', மணிக்கட்டில் கட்டிய ஒரு ஜிபிஎஸ் பெட்டி என்றே சொல்லத்தக்கது. மலையேறுபவர்களுக்கான 'ஃபீனிக்ஸ்' வரிசை 2012-இல் வந்தது. மறுபுறம், 2015 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் வாட்ச், கைப்பேசியின் நீட்சி. முதல் மாடலில் சொந்த ஜிபிஎஸ்கூட இல்லை. அது 2016-இல் வெளியான சீரிஸ் 2-இல்தான் சேர்க்கப்பட்டது. ஒன்று இருப்பிடத்தை அறியும் கருவியாகப் பிறந்து செய்திகளைக் காட்டக் கற்றுக்கொண்டது. மற்றொன்று செய்திகளைக் காட்டப் பிறந்து இருப்பிடத்தை அறியக் கற்றுக்கொண்டது.

பாலத்தின் மீது தடுமாறுவது ஏன்?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டே கடிகாரம் தொலைவைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு மைக்ரோவிநாடி பிழை ஏற்பட்டால், தொலைவில் 300 மீட்டர் பிழை ஏற்படும்.

1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தில் சுமார் 26,500 டன் எஃகு பயன்படுத்தப்பட்டுள்ளது. அதன் சட்டகங்கள் சாலைக்கு இருபுறமும் தலைக்கு மேலும் உயர்ந்து நிற்கின்றன. வானிலிருந்து வரும் சமிக்ஞையில் ஒரு பகுதி இந்த எஃகில் பட்டுத் தெறித்து, சுற்றுவழியில் தாமதமாக வந்து சேர்கிறது. எது நேராக வந்தது, எது தெறித்து வந்தது என்று பிரித்தறிய இயலாதபோது கடிகாரம் ஓடுபவரை ஆற்றுக்குள் இறக்கிவிடுகிறது. ஷிப்பூரில் 1787-இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்காவின் அடர்ந்த மரங்களுக்குக் கீழ் நடப்பவர்களும் இதுபோன்ற பிழையைக் காணலாம். அங்கு சமிக்ஞையை வலுவிழக்கச் செய்வது ஈரமான இலைகள்.

கடினமான கூடு இதற்குத் தீர்வல்ல. தீர்வு, இரட்டை அலைவரிசை. சாதாரணக் கடிகாரங்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸில் உள்ள எல்1 அலைவரிசையை மட்டுமே பெறுகின்றன. 1176.45 மெகாஹெர்ட்ஸில் உள்ள எல்5 அலைவரிசையின் குறியீடு பத்து மடங்கு வேகமாக மாறுவதால், நேராக வந்த சமிக்ஞையையும் தெறித்து வந்ததையும் எளிதாகப் பிரித்தறிய முடிகிறது. இந்த வசதி இன்று சில விளையாட்டுக் கடிகாரங்களிலும் உண்டு, சில ஸ்மார்ட்வாட்ச்களிலும் உண்டு. இரு தரப்பிலும் இல்லாத மாடல்களும் உண்டு. கரடுமுரடான தோற்றத்தைப் பார்த்து இதை ஊகிக்க இயலாது. விவரக்குறிப்பில் 'இரட்டை அலைவரிசை' அல்லது 'மல்டி-பேண்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவின் நாவிக் அமைப்புக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தொடக்கத்தில் நாவிக் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் அலைவரிசைகளை மட்டுமே பயன்படுத்தின. கைக்கடிகாரங்களில் உள்ளவை போன்ற சிறிய, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சில்லுகளுக்கு எல்1 தேவைப்பட்டதால், 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் இஸ்ரோ அதையும் சேர்த்தது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

இவ்வளவு நுட்பத்துக்குள் செல்வதற்கு முன், கடிகாரத்தில் ஜிபிஎஸ் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்பது நல்லது. இந்தியச் சந்தையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்மார்ட்வாட்ச்கள் பலவற்றின் பெட்டியில் 'கனெக்டட் ஜிபிஎஸ்' என்று அச்சிடப்பட்டிருக்கும். கடிகாரத்துக்குச் சொந்தமாக ஜிபிஎஸ் இல்லை, கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்கும் என்பதே அதன் பொருள். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால், கை அசைவுகளை எண்ணி, தூரத்தைத் தோராயமாகச் சொல்லும். பூங்காவில் நடைபயிற்சி செய்பவருக்கு அது போதும். புதிய பாதையில் தனியே செல்பவருக்குப் போதாது.

மணிக்கணக்கே அளவுகோல்

2020-இல் வெளியான ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 6, ஜிபிஎஸ்ஸைத் தொடர்ந்து பயன்படுத்தினால் 7 மணி நேரம் இயங்கும் என்று அந்நிறுவனமே குறிப்பிட்டது; அன்றாடப் பயன்பாட்டில் 18 மணி நேரம். 2022-இல் வந்த கார்மின் ஃபீனிக்ஸ் 7-க்கு அறிவிக்கப்பட்ட அளவு, ஜிபிஎஸ்ஸுடன் 57 மணி நேரம். அன்றாடப் பயன்பாட்டில் 18 நாள்கள். அதே ஆண்டின் வாட்ச் அல்ட்ரா, அன்றாடப் பயன்பாட்டில் 36 மணி நேரத்தை எட்டியது. இவை உற்பத்தியாளர்களின் கணக்குகள். நடைமுறையில் சற்றுக் குறையும் என்றாலும், இடைவெளியின் அளவு மாறுவதில்லை.

இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் திரை. ஃபீனிக்ஸ் 7 போன்றவற்றின் திரை சூரிய ஒளியைப் பிரதிபலித்தே படிக்கத் தருகிறது. வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகிறது. ஸ்மார்ட்வாட்ச்சின் திரை தானே ஒளிர வேண்டும். வெயிலோடு போட்டியிட அது மின்சாரத்தைச் செலவிடுகிறது. எண்ணற்ற செயலிகளை இயக்கும் மென்பொருளும், கைப்பேசி வலையமைப்புடனான இணைப்பும் அதன் பேட்டரியை மேலும் கரைக்கின்றன. ஆனால் எல்லை மங்கி வருகிறது. 2024-இல் வந்த ஃபீனிக்ஸ் 8 வரிசையிலேயே ஒளிரும் திரை கொண்ட மாடல்கள் உள்ளன. விளையாட்டுக் கடிகாரம் என்றாலே வெயிலில் படிக்கும் திரைதான் என்று இனி நம்ப வேண்டியதில்லை.

வாங்கும்போது பலரும் கவனிக்காத ஒரு கணக்கும் உண்டு. தினமும் சார்ஜ் செய்யும் கடிகாரம் ஆண்டுக்கு 365 முறை அந்தச் சுழற்சிக்கு உள்ளாகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 26 முறை மட்டுமே. லித்தியம் பேட்டரி தேய்வது பெரும்பாலும் இந்தச் சுழற்சிகளால்தான். மூன்றாம் ஆண்டில் எந்தக் கடிகாரம் இன்னும் பயன்பாட்டில் இருக்கும் என்பதை ஊகிக்க இந்தக் கணக்கு உதவும்.

25 கிலோமீட்டர், 81 கிலோமீட்டர், சந்தக்பூ

நதிக்கு அக்கரையில், கொல்கத்தாவின் ரெட் ரோட்டில் ஆண்டுதோறும் டிசம்பரில் நடைபெறும் டாடா ஸ்டீல் 25கே ஓட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 2023-இல் கென்யாவின் டேனியல் எபென்யோ அதை 1 மணி 11 நிமிடம் 13 விநாடிகளில் முடித்தார். சாதாரண ஓட்டக்காரருக்கு இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம் ஆகலாம். 7 மணி நேரம் தாங்கும் ஸ்மார்ட்வாட்ச் இதற்குத் தாராளமாகப் போதும். இந்த ஒரு பந்தயத்துக்காக மலையேற்றக் கடிகாரம் வாங்குவது வீண் செலவு.

எந்தக் கடிகாரமானாலும் இத்தகைய பந்தயத்தில் 25 கிலோமீட்டரைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாதை, சாத்தியமான மிகக் குறுகிய வழியில், அளவீடு செய்த மிதிவண்டியைக் கொண்டு அளக்கப்படுகிறது. தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்க்கப்படுகிறது. 25 கிலோமீட்டருக்கு அது 25 மீட்டர். கூட்டத்தில் வளைந்து வளைந்து ஓடுபவர் அந்தக் குறுகிய வழியில் ஓடுவதில்லை. அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் திரை காட்டும் வேகத்தை நம்பாமல், ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் 'லேப்' பொத்தானை அழுத்துவது இதனால்தான். வியர்வையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது, பொத்தான் கட்டுப்படும். கொல்கத்தாவின் ஈரப்பதத்தில் இந்தச் சிறு வசதி பேட்டரிக்கு அடுத்தபடியாக மதிக்கத்தக்கது.

முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பாகீரதி நதியில் நடைபெறும் 81 கிலோமீட்டர் நீச்சல் போட்டி வேறு வகை. அகிரண் படித்துறையிலிருந்து பெர்ஹாம்பூரின் கோராபஜார் வரை நீந்தும் இப்போட்டி காலையில் தொடங்கி மாலை வரை நீளும். இதே நதிதான் கீழே வந்து ஹூக்ளி என்ற பெயரில் ஹவுராவைக் கடக்கிறது. நீருக்குள் ஜிபிஎஸ் சமிக்ஞை புகாது. கை நீரை விட்டு மேலெழும் நொடியில் மட்டுமே கடிகாரம் அதைப் பெறும். 7 மணி நேர பேட்டரி பாதி வழியிலேயே ஓய்ந்துவிடக்கூடும். நடுவில் சார்ஜ் செய்யவும் வழியில்லை.

மலையேற்றமோ ஹவுராவுக்குப் புதிதல்ல. 2013-இல் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய சந்தா காயேன் இவ்வூரைச் சேர்ந்தவர். 2014 மே மாதம் கஞ்சன்ஜங்காவின் யாலுங் காங் சிகர முயற்சியின்போது பனிச்சரிவில் இரு ஷெர்பாக்களுடன் அவர் காணாமல் போனார். அத்தகைய ஆபத்தை எந்தக் கடிகாரமும் தடுத்துவிடாது. ஆனால் வார விடுமுறையை நீட்டித்து வடக்கு வங்கத்துக்கு ரயிலேறும் சாதாரண மலைநடைப் பயணிகளின் கவலை, பெரும்பாலும் மூடுபனியில் வழி தவறுவதுதான்.

மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடமான சந்தக்பூ 3,636 மீட்டர் உயரத்தில், நேபாள எல்லையை ஒட்டிய சிங்கலிலா மலைமுகட்டில் உள்ளது. ஐந்து நாள் பயணத்தில் நாளொன்றுக்கு 6 மணி நேரம் நடப்பதாகக் கொண்டால், பதிவு செய்ய வேண்டியது 30 மணி நேரம். 57 மணி நேரம் இயங்கும் கடிகாரத்துக்குச் சார்ஜர் தேவையில்லை. ஸ்மார்ட்வாட்ச்சுக்கு ஒவ்வோர் இரவும் மின்சாரம் வேண்டும். குளிரில் பேட்டரியின் திறனும் குறையும். ஒரு பவர் பேங்க் இந்த வாதத்தின் பாதியைத் தீர்த்துவிடும் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். வந்த வழியே திரும்ப உதவும் வசதியும் இன்று இருதரப்பிலும் உண்டு. ஆப்பிள் வாட்ச்சில் 2022 முதல் கிடைக்கிறது. அந்த வசதி பயன்படுவது கடிகாரம் உயிரோடு இருக்கும் வரைதான்.

'ராணுவத் தரம்' என்பது என்ன?

பெட்டியில் காணப்படும் 'மில்-எஸ்டிடி-810' என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதிர்ச்சி, வெப்பம், ஈரப்பதம், தூசி எனப் பல சோதனைகள் அதில் உள்ளன. எவற்றைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்வு செய்யலாம். அமெரிக்க ராணுவம் அந்தக் கடிகாரத்தைச் சோதித்துச் சான்றளித்தது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. '10 ஏடிஎம்' என்பதும் 100 மீட்டர் ஆழத்துக்கு இணையான நிலையான அழுத்தத்தைக் குறிக்கிறதே தவிர, அந்த ஆழத்தில் மூழ்கலாம் என்ற அனுமதியை அல்ல.

எதை இழக்க நேரிடும்?

உறுதியான கடிகாரத்தைத் தேர்ந்தெடுப்பவர் சிலவற்றைக் கைவிடவும் வேண்டும். இ-சிம் கொண்ட ஸ்மார்ட்வாட்ச், கைப்பேசி இல்லாமலே அழைப்பு மேற்கொள்ளும். கீழே விழுந்ததை உணர்ந்து அவசர எண்ணுக்குத் தகவல் அனுப்பும். விளையாட்டுக் கடிகாரங்களில் பெரும்பாலானவை இதற்குக் கைப்பேசியையே சார்ந்துள்ளன. தனியே வசிக்கும் முதியவருக்குக் கடிகாரம் வாங்கித் தருபவர்கள் ஸ்மார்ட்வாட்ச்சைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம். தமிழில் வரும் குறுஞ்செய்திகள் திரையில் எழுத்துகளாகத் தெரிகின்றனவா, வெற்றுக் கட்டங்களாகத் தெரிகின்றனவா என்பதையும் கடையிலேயே சோதித்துப் பார்ப்பது நலம்.

'உறுதி' என்ற சொல் இணையச் சேவைக்குப் பொருந்தாது என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2020 ஜூலையில் நடந்த சைபர் தாக்குதலால் கார்மின் கனெக்ட் சேவை சில நாள்கள் முடங்கியது. கடிகாரங்கள் வழக்கம்போல் பதிவு செய்தன. அவற்றைச் சேவையில் பதிவேற்றத்தான் முடியவில்லை.

மலைப்பகுதிகளில் கைப்பேசிக் கோபுரம் இல்லாத குறையைப் போக்க, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கடிகாரங்களும் வெளிநாட்டுச் சந்தைகளுக்கு வந்துள்ளன. இங்கு இந்தியப் பயனாளர்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். ஜிபிஎஸ் சமிக்ஞையைப் பெறுவதற்குத் தடையேதும் இல்லை. ஆனால் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவியை அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்திலும், 2025 ஜனவரியில் டெல்லி விமான நிலையத்திலும் 'இன்ரீச்' என்ற கையடக்கச் செயற்கைக்கோள் கருவியை எடுத்துச் சென்ற வெளிநாட்டுப் பயணிகள் தடுத்து நிறுத்தப்பட்டனர். மலைநடைப் பயணத்துக்கான கருவி என்ற விளக்கம் அவர்களைக் காப்பாற்றவில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் கடிகாரம் வரவழைப்பவர்கள், மாடலின் பெயருக்கு அருகே 'சாட்டிலைட்' அல்லது 'இன்ரீச்' என்ற சொல் இருந்தால், பணம் செலுத்தும் முன்பே அதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.