வேண்டுதலும் வைத்தியமும்: மனநோய் முதலில் தட்டும் கதவு

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் கல்லூரிக்குப் போக மறுப்பான். தூக்கம் குறையும், குளிப்பதும் தலை வாருவதும் நின்றுபோகும். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பான். ஆளில்லாத அறையில் யாருக்கோ பதில் சொல்வான். வீட்டாருக்கு இது நோயாகத் தெரிவதில்லை. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. ரத்தப் பரிசோதனையில் கோளாறு எதுவும் தென்படுவதில்லை. குரல் மகனுடையது, பேச்சு மட்டும் வேறு யாருடையதோ போல ஒலிக்கிறது. 'காத்து கருப்பு அடித்துவிட்டது' என்ற விளக்கம் பிறப்பது இந்த இடத்தில்தான். அடுத்து அந்தக் குடும்பம் எந்தக் கதவைத் தட்டுகிறது, எவ்வளவு காலம் அங்கே காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பையனின் பிற்காலம் பெரிதும் அமைகிறது.

நோயின் இயல்பு

கடுமையான மனநோய்களில் மூன்று முக்கியமானவை. மனச்சிதைவில் காதில் மாயக்குரல்கள் கேட்கும். எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் மாறாத சந்தேகங்கள் வேரூன்றும். இருதுருவ மனநோயில் சில வாரம் அளவுக்கு மீறிய எழுச்சியும் சில மாதம் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும். தீவிர மனச்சோர்வில் எதிலும் நாட்டமற்றுப்போய், சாவைப் பற்றிய எண்ணமே மேலோங்கும். உலக அளவில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

இவற்றுக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. மரபுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் போவதில்லை. கருவிலிருக்கும்போதும் பிறக்கும்போதும் நேரும் பாதிப்புகள், இளவயதுத் துயரங்கள், கஞ்சாப் பழக்கம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. மனச்சிதைவு உள்ளவரின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் செயல்பாடு சில பகுதிகளில் மிகுந்திருக்கிறது. தைராய்டு கோளாறு, வலிப்பு, மூளை அழற்சி போன்ற உடல் நோய்களும் இதே தோற்றத்தில் வரக்கூடும். அதனால்தான் மருத்துவர் முதலில் உடலைச் சோதிக்கிறார்.

பேய், செய்வினை, சாமி

தமிழ்க் குடும்பங்களில் நடத்தையில் வரும் இந்த மாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள் பல: பேய் பிடித்தது, செய்வினை வைத்துவிட்டார்கள், ஏவல், கிரகதோஷம், குலதெய்வக் குற்றம், முன்வினை. 'கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்' என்பதும் இந்த வரிசையில் சேரும். அதன் சுமை முழுவதும் விவரம் அறியாமல் மணந்துகொண்டவர் தலையில் விழுகிறது.

இந்த நம்பிக்கைகளை வெறும் அறியாமை என்று ஒதுக்கினால் அவை ஏன் நிலைத்தன என்பது புரியாது. பேய் என்றால் அது வெளியிலிருந்து வந்தது. வந்தது போகவும் செய்யும். அந்த விளக்கத்தில் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. 'பைத்தியம்' என்ற சொல்லோ ஆளையே முத்திரை குத்தி, தங்கையின் திருமணத்தையும் தடுத்து நிறுத்தும். கோயிலுக்குப் போனால் ஊர் பேசாது, சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போனால் பேசும். ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்ட சமூகத்தில் குடும்பங்கள் முதலில் சன்னதியை நாடுவது இயல்பு.

சாமி வருவது எல்லாம் நோய் என்று மனநல மருத்துவமும் சொல்வதில்லை. திருவிழாவில் உடுக்கையொலிக்கு அருள் வந்து ஆடி, விபூதி பூசியதும் தன்னிலைக்குத் திரும்பி, மறுநாள் வயல்வேலைக்குப் போகிறவர் நோயாளி அல்லர். தன் விருப்பமின்றி, சடங்குக்கு வெளியே அந்த நிலை திரும்பத் திரும்ப வந்து வாழ்க்கையைக் குலைத்தால் மட்டுமே அது நோயாகக் கணக்கிடப்படுகிறது. சித்த மருத்துவ மரபிலும் மனநோய் தனி நோயாகவே கருதப்பட்டது. 'கிரிகை' என்ற பெயரில் அதன் 18 வகைகள் விவரிக்கப்பட்டுள்ளன.

சன்னதியில் நடப்பது

திருச்சிக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் மனநோயாளிகளை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைத்து பூஜையின்போது முகத்தில் தீர்த்தம் தெளிப்பது வழக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடி தர்காவுக்கு முஸ்லிம்களைப் போலவே இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வருகிறார்கள். குணமாகி வீடு திரும்பும் நாளைக் கனவில் வரும் உத்தரவே சொல்லும் என்பது அங்குள்ள நம்பிக்கை.

இத்தகைய இடங்களில் தங்குவதால் பலன் உண்டா என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து, மருத்துவர் ரகுராமும் உடனாய்வாளர்களும் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டனர். அங்கே பேயோட்டும் சடங்கு எதுவும் நடக்கவில்லை. உறவினர் ஒருவர் துணையிருக்க, நோயாளிகள் கோயிலைச் சுத்தம் செய்வது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகளைச் செய்தார்கள். சராசரியாக ஆறு வாரத்தில் அறிகுறிகளின் கடுமை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. ஆய்வு சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. ஆயினும் அச்சுறுத்தலற்ற இடமும், அன்றாட ஒழுங்கும், கூடவே இருக்கும் சொந்தமும் நோயைத் தணிக்கின்றன என்பதை அது காட்டுகிறது.

2001 ஆகஸ்ட் 6

எல்லா இடமும் அப்படி இருக்கவில்லை. ஏர்வாடி தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்கள் பெருகின. பணம் கட்டி நோயாளியை விட்டுச் சென்ற குடும்பங்களில் சில திரும்பி வரவே இல்லை. கீற்றுக் கொட்டகைகளில் நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அரசு அந்தக் காப்பகங்களை மூடியது, நூற்றுக்கணக்கானவர்கள் மீட்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நோயாளிகளைப் பிணைப்பது சட்டவிரோதம் என்பதை மக்களுக்கு எடுத்துச் சொல்லவும், ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு மனநல மருத்துவமனை இருப்பதை உறுதிசெய்யவும் உத்தரவிட்டது.

மருந்தின் பாதை

மருத்துவமனைகளின் கடந்த காலத்திலும் பூட்டிய கதவுகள் உண்டு. சென்னையில் 1794இல் சிறிய விடுதியாகத் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்த மனநலக் காப்பகம், நெடுங்காலம் அடைத்துவைக்கும் இடமாகவே இருந்தது. அப்போது கொடுப்பதற்குப் பயனுள்ள மருந்து இல்லை. சர்ப்பகந்தி வேர் மனநோயைத் தணிப்பதாக 1931இல் கல்கத்தா மருத்துவர்கள் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். ஆனாலும் 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்து பயன்பாட்டுக்கு வந்த பிறகே நிலைமை மாறியது.

மனச்சிதைவு மருந்துகள் டோபமின் ஏற்பிகளைத் தடுத்து மாயக்குரலையும் சந்தேகத்தையும் அடக்குகின்றன. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்காமல் நிறுத்துவதும், குணமானதும் 'இனி எதற்கு' என்று விடுவதுமே நோய் திரும்புவதற்குப் பெரும் காரணங்கள். கை நடுக்கம், எடை கூடுதல், மந்தம் போன்ற பக்கவிளைவுகளை மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். இருதுருவ மனநோய்க்கு லித்தியம் இன்றும் முதன்மையான மருந்து. 'ஷாக்' என்று அஞ்சப்படும் மின்னதிர்வு சிகிச்சை இப்போது மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படுகிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் மிகுந்த கடுஞ்சோர்வில் அது உயிரைக் காக்கிறது.

மாத்திரை மட்டும் போதாது. நோயாளி வேலைக்குத் திரும்பவும், வீட்டாரின் கடிந்த பேச்சு குறையவும் மறுவாழ்வுப் பயிற்சி வேண்டும். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை வகித்த டாக்டர் சாரதா மேனன் இதற்காகவே 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவினார். சென்னையில் முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரை 1980களின் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்த ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குப் பின் பெரும்பாலோர் அறிகுறிகள் தணிந்து வாழ்ந்தது தெரியவந்தது. சிகிச்சையின்றி நோய் நீளும் காலம் கூடக்கூட மீள்வது கடினமாகும் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரண்டும் சேருமிடம்

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலச் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதையும், மயக்க மருந்தின்றி மின்னதிர்வு தருவதையும் தடைசெய்தது. நோய் வந்தால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் அது வழிசெய்கிறது.

ஆனால் சட்டம் நடைமுறைக்கு வர மருத்துவர் அருகில் இருக்க வேண்டும். 2015–16இல் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க மாவட்ட மனநலத் திட்டம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக மருந்து தருகிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவித் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த 'தவா–துவா' முறை குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவில் தொடங்கி ஏர்வாடிக்கும் வந்தது. வேண்டுதலுக்கு வருகிறவரை யாரும் தடுப்பதில்லை. தர்காவை ஒட்டியே மருத்துவர் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். குடும்பம் தன் நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை, நோயாளி மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதும் இல்லை. தீர்த்தம் தெளித்த அதே நாளில் முதல் மாத்திரையும் விழுங்கலாம்.