கண்ணின் சம்மதம்

முப்பது வருஷ காலமாக மூக்குக் கண்ணாடியை என் முகத்தின் ஓர் அவயவமாகவே கருதிப் பழகிவிட்ட நான், காண்டாக்ட் லென்ஸ் அணிந்து பார்ப்பது என்று தீர்மானித்து, கண் மருத்துவமனை ஒன்றின் சிறிய அறையில், மேஜைமேல் நிறுத்தியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே ஒரு நாள் காலையில் அமர்ந்தேன். நீர்த்துளி ஒன்றுக்கு உருவம் கொடுத்தாற்போல அந்த மெல்லிய வில்லை என் ஆள்காட்டி விரலின் நுனியில் இருந்தது. அதைக் கண்ணருகே கொண்டுபோகும் வரையில் எல்லாம் என் வசத்தில் இருந்தன. விரல் நெருங்கியதும், என் உத்தரவைச் சற்றும் எதிர்பாராமல், இமைகள் தாமாகவே இறுக மூடிக்கொண்டன. அரை மணி நேரம் பிரயத்தனம் செய்தேன். ஒரு தடவை வில்லை இமை மயிரில் தொங்கிற்று. மறு தடவை கன்னத்தில் வழிந்தது. கையைச் சரியாகத் துடைக்காத தடவைகளில் ஈர விரலைவிட்டு வர மறுத்து அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"அவசரமே இல்லை சார். விரலைப் பாக்காதீங்க, எதிர்ல இருக்கிற கண்ணாடியைப் பாருங்க. மேல் இமையை நல்லாப் பிடிச்சுக்குங்க, கண்ணு தானா ஒத்துக்கும்" என்றார், எனக்குப் பயிற்சி அளித்த இளம் ஆப்டோமெட்ரிஸ்ட். நாள்தோறும் பலருக்கும் அவர் சொல்லும் வார்த்தைகளே அவை. ஆயினும், கண் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற அந்தச் சிறு வாக்கியத்தில், நூறு வருஷங்களுக்கு மேற்பட்ட ஒரு விஞ்ஞான சரித்திரம் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னர் அதைப் பற்றிப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

கருவிழியின்மேல் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோலக் கவிந்திருக்கும் நிர்மலமான படலத்துக்குக் கார்னியா என்று பெயர். நடுவில் அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். நம் சரீரத்தில் உணர்ச்சி நரம்புகள் மிக நெருக்கமாகப் பரவியிருக்கும் இடங்களுள் அது ஒன்று. ஆகையால் கண்ணுக்குத் தெரியாத தூசியையும் அது சகிப்பதில்லை. நரம்புகள் இவ்வளவு செறிந்த அந்தப் படலத்தில் இரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை என்பது இயற்கையின் அதிசயங்களுள் ஒன்று. இரத்தம் ஓடினால் பளிங்குத் தன்மை கெட்டு, ஒளி தடைப்படும். மற்ற அவயவங்களுக்கெல்லாம் இரத்தம் கொண்டுவந்து கொடுக்கும் பிராணவாயுவை, கார்னியா பெரும்பாலும் கண்ணீரில் கரைந்து வரும் காற்றிலிருந்து தானே நேராகப் பெற்றுக்கொள்கிறது. நாம் மூக்கால் சுவாசிக்கிறோம். கார்னியாவோ தன் முகத்தாலேயே சுவாசிக்கிறது. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், காண்டாக்ட் லென்ஸின் கதையில் வரும் தோல்விகளுக்கும் வெற்றிகளுக்கும் காரணம் விளங்கிவிடும்.

கார்னியா வெறும் ஜன்னலன்று. ஒளிக் கதிர்களை வளைத்து உள்ளே விழித்திரையில் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அதுவே செய்கிறது. கிணற்றில் மூழ்கிக் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்கு, படிக்கட்டும் சுவரும் ஒன்றோடொன்று கலங்கித் தோன்றிய அனுபவம் இருக்கும். காற்றிலிருந்து கார்னியாவுக்குள் புகும்போது நன்றாக வளையும் ஒளி, தண்ணீரிலிருந்து புகும்போது அநேகமாக வளைவதில்லை. ஏனெனில், ஒளியைப் பொறுத்தமட்டில் தண்ணீருக்கும் கார்னியாவுக்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம். ஆகவே கண்ணின்மேல் நீரை நிறுத்தி, அந்த நீரின் முன்புறத்துக்கு நாம் விரும்பிய வளைவைக் கொடுத்துவிட்டால், கண்ணுக்கே புதியதொரு வளைவைக் கொடுத்ததாகிவிடும். காண்டாக்ட் லென்ஸின் சூட்சுமம் இதுவே.

எனக்கிருப்பது 6 டயாப்டர் அளவுள்ள கிட்டப்பார்வை. விழிக்கோளம் நீண்டிருப்பதால் பிம்பம் விழித்திரைக்கு முன்னதாகவே விழுந்துவிடும். கண்ணாடி இல்லாவிட்டால் சுமார் 16 சென்டிமீட்டருக்கு அப்பால், அதாவது ஒரு சாண் தூரத்துக்குள்ளாகவே, என் உலகத்தின் தெளிவு முடிந்துவிடும். மூக்குக் கண்ணாடி கண்ணுக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்பதனால் பொருள்களைச் சற்றுச் சிறியனவாகக் காட்டும். ஓரப் பார்வையோ சட்டத்தோடு நின்றுவிடும். வில்லை கண்ணீரின்மேலேயே மிதந்து, விழி திரும்பும் திசையெல்லாம் கூடவே திரும்புகிறது. இடம் மாறுவதால் அளவும் மாறுகிறது. கண்ணாடியில் மைனஸ் 6 வேண்டிய எனக்கு, வில்லையில் மைனஸ் ஐந்தரையே போதுமென்றார்கள்.

இத்தகைய வில்லையை முதன்முதலில் மனிதக் கண்ணில் வைத்தவர்கள், அதைத் தங்கள் கண்ணிலேயே வைத்துப் பார்த்தார்கள் என்பது நினைக்க நினைக்க மரியாதையை உண்டாக்கும் விஷயம். ஜூரிச் நகரில் பணிபுரிந்த ஜெர்மானிய வைத்தியர் அடால்ஃப் ஃபிக், ஊதி வார்த்த கண்ணாடிக் கிண்ணங்களை முதலில் முயல்களின் கண்களிலும், பிறகு தம் கண்ணிலும், அதன்பின் தாமாக முன்வந்த சிலருடைய கண்களிலும் பொருத்தி, அந்த ஆராய்ச்சியை 1888-இல் பிரசுரித்தார். கார்னியாவைத் தொடாமல், உணர்ச்சி குறைந்த வெள்ளைவிழியின்மேல் அமரும்படி அமைந்த அக்கிண்ணங்கள் சுமார் 18 முதல் 21 மில்லிமீட்டர் அகலம் உள்ளவை. இடைவெளியில் திராட்சைச் சர்க்கரைக் கரைசலை அவர் நிரப்பினார். இரண்டு மணி நேரத்துக்குமேல் எவராலும் அவற்றைத் தாங்க முடியவில்லை. அடுத்த வருஷம், கீல் நகரத்துச் சர்வகலாசாலையில் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆகஸ்ட் மூல்லர் என்னும் மாணவர், தம்முடைய 14 டயாப்டர் கிட்டப்பார்வையைத் தீர்த்துக்கொள்ளும் ஆவலால், கொகேயின் சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்துகொண்டு, கண்ணாடி வில்லைகளை அணிந்து பார்த்தார். அவரால் பொறுக்க முடிந்தது அரை மணி நேரம்.

அந்த மாணவரின் அரை மணி நேரத்தையும், வில்லை கண்ணுக்குள் போகாமலே கழிந்த என் அரை மணி நேரத்தையும் நான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என்னைத் தடுத்தது அச்சம் மட்டுமே. அவர் அச்சத்தை வென்றார். நரம்பையும் மருந்தால் மௌனமாக்கினார். ஆயினும் கண் சம்மதிக்கவில்லை. கண்ணாடி மூடிய கார்னியாவுக்குச் சுவாசம் இல்லை. சுவாசம் குன்றிய கார்னியா நீர்கோத்து மங்கும். வலியை நீக்கிவிடலாம், பசியை அவ்விதம் நீக்க முடியாது.

கண்ணாடிக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்தது. 1948-இல் அமெரிக்காவில் கெவின் டூஹி என்பவர், வெள்ளைவிழியை மூடும் விளிம்பை அறவே விட்டுவிட்டு, கார்னியாவின்மேல் மட்டும் அமரும் சிறிய பிளாஸ்டிக் வில்லையை அமைத்தார். இமைக்குந்தோறும் அது சற்று அசைந்து, அடியில் புதுக் கண்ணீர் புக வழிவிட்டது. அந்தப் பிளாஸ்டிக்கின் ஊடே காற்றுப் புகாதெனினும், அந்த அசைவினால் கண் கொஞ்சம் மூச்சு விட்டது. ஆனால் வில்லை கடினமானது. பழகுவதற்கு நாட்கள் பல ஆகும்.

கண்ணைப் பழக்குவதை விட்டு, கண்ணைப்போன்ற பொருளையே தேட வேண்டும் என்று நினைத்தவர், பிராக் நகரத்து ரசாயன நிபுணர் ஓட்டோ விஹ்டர்லே. 1952-இல் ரெயில் பிரயாணத்தில், பக்கத்தில் இருந்தவர் படித்துக்கொண்டிருந்த கண் வைத்தியப் பத்திரிகையில், கண்ணில் பதிக்கும் உலோகச் சாதனம் ஒன்றைப் பற்றிய செய்தியைக் கண்டு, உயிருள்ள தசையோடு ஒத்துப்போகக்கூடிய மென்மையான பிளாஸ்டிக் அல்லவா அதற்கு ஏற்றது என்று பேசத் தொடங்கியதே அவருடைய ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. அவரும் டிராஹொஸ்லாவ் லீம் என்பவரும் சேர்ந்து ஆக்கிய பொருள், உலர்ந்தபோது கண்ணாடிபோல் கெட்டியாகவும், ஊறியபோது தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீரை உறிஞ்சிக்கொண்டு குழைவாகவும் இருந்தது.

பொருள் கிடைத்தது, அதை வில்லையாக வார்க்கும் வழிதான் கிடைக்கவில்லை. அச்சில் வார்த்தால் விளிம்பு கிழிந்தது. அரசாங்கம் அந்த ஆராய்ச்சியைக் கைவிடச் சொல்லிவிட்டது. 1961-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் சமயத்தில், தம் வீட்டுச் சமையலறை மேஜையில், குழந்தைகள் விளையாடும் மெர்க்கூர் என்ற இரும்புத் துண்டுப் பெட்டியையும், சைக்கிள் விளக்கின் டைனமோவையும், வாசல் மணியின் மின்மாற்றியையும் கொண்டு விஹ்டர்லே ஒரு யந்திரம் அமைத்தார். சுழலும் சிறு குழிக்குள் திரவத்தை விட்டால், அது தானே ஓரங்களுக்கு ஏறி, மத்தில் கடையும் மோர்போல நடுவில் குழிந்து, சுழற்சியிலேயே இறுகி வில்லையாயிற்று; வேகத்துக்குத் தக்கபடி வளைவு அமைந்தது. அன்று நான்கு வில்லைகள் கிடைத்தன. அவற்றை அவர் தம் கண்ணிலேயே வைத்துப் பார்த்தார். அளவு பொருந்தவில்லை, கண் உறுத்தவும் இல்லை. மனைவி லிண்டாவும் உடன் உழைக்க, அடுத்த சில மாதங்களில் அந்த வீட்டு யந்திரத்திலேயே ஆயிரக்கணக்கான வில்லைகள் உருவாயின. 1971-இல் அமெரிக்க அரசாங்கம் மென்மையான வில்லைக்கு அனுமதி வழங்கியது. 1990-களின் இறுதியில், நீரோடு சிலிக்கோனையும் சேர்த்து, காற்று இன்னும் தாராளமாக ஊடுருவும்படி செய்த வில்லைகள் கடைக்கு வந்தன. என் விரல் நுனியில் இருந்தது அந்த வம்சத்தில் வந்த ஒன்று.

மறுபடியும் முயன்றேன். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, வில்லை கிண்ணம்போல் நிமிர்ந்திருக்கிறதா, அல்லது விளிம்பு வெளியே விரிந்து தட்டுப்போல் தலைகீழாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இரண்டு இமைகளையும் பிடித்து, விரலை மறந்து, எதிரே இருந்த என் முகத்தையே பார்த்தேன். குளிர்ச்சியாக ஏதோ தொட்டது, இரண்டு முறை இமைத்தேன், அவ்வளவுதான். "உள்ளே போய்த் தொலைந்துவிட்டால்?" என்ற பயத்துக்கும் இடமில்லை என்று அறிந்தேன், இமையின் உட்புறத்தை மூடிய மெல்லிய தோல் மடிந்து திரும்பி வெள்ளைவிழியையும் மூடியிருப்பதால், கண்ணுக்குப் பின்னால் செல்ல வழியே கிடையாது. அறையின் கோடியில் தொங்கிய நாள்காட்டியின் தேதியை, முகத்தில் எவ்விதச் சுமையுமின்றி, வாழ்க்கையில் முதன்முறையாகப் படித்தேன்.

கண் கொடுத்த இந்தச் சம்மதத்துக்கு நிபந்தனைகள் உண்டு. தண்ணீர் வில்லைக்கு ஆகாது. குழாயிலும் கிணற்றிலும் குளத்திலும் வாழும் அகாந்தமீபா என்னும் ஓரணு உயிர் வில்லையோடு ஒட்டிவந்து கார்னியாவைத் துளைத்தால், சிகிச்சைக்கு மாதக்கணக்காகும். பார்வையே போவதும் உண்டு. ஆகையால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே வில்லையைத் தொட வேண்டும்; குளிக்கும்போதும் நீந்தும்போதும் அதைக் கழற்றிவிட வேண்டும். நேற்றைய சொல்யூஷனோடு இன்றையதைக் கலக்கலாகாது. கண் சிவந்தாலும், வலித்தாலும், வெளிச்சத்துக்குக் கூசினாலும் வில்லையை எடுத்துவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் செல்ல வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, அணிந்தபடி உறங்கலாகாது என்பது. மூடிய இமைக்குள் கார்னியாவுக்குக் கிடைக்கும் பிராணவாயு இயல்பாகவே குறைவு. அதிலும் பங்கு கேட்பது தகாது.

அன்றிரவு, மேலே பார்த்துக்கொண்டு, வில்லையைக் கீழ்நோக்கி நகர்த்தி, இரு விரல்களால் மெல்லக் கிள்ளி எடுத்தேன். உலகம் மீண்டும் ஒரு சாணுக்குள் சுருங்கிற்று. அந்த மங்கல் எனக்கு வருத்தம் தரவில்லை. பகலெல்லாம் இணங்கி நின்ற கண், தன் காற்றை முழுவதும் திரும்பப் பெறுகிற நேரம் அது. காலையில் கையைக் கழுவிக்கொண்டு, மறுபடியும் அதன் சம்மதத்தைக் கேட்க வேண்டும்.