கடற்கரையில் கால் கிழிந்தால் எந்த மருந்து?

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்க, வெளியூர்க் கூட்டம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அலையை நோக்கி நடக்கும். கடல் அரிப்பைத் தடுக்க இந்தக் கரையோரம் கொட்டிய கருங்கற்களில் சிப்பி ஒட்டி வளர்ந்திருக்கும். ஈரப் பாறையில் வழுக்கினால் உள்ளங்காலோ முழங்காலோ கிழியும். நனைந்த தோலில் வலி உடனே தெரியாது. பலருக்கு ஊருக்குத் திரும்பப் பஸ் ஏறிய பிறகுதான் எரிச்சல் தொடங்கும். அந்த நேரத்தில் பையில் என்ன மருந்து இருக்க வேண்டும்?

முதலில் ஒரு நம்பிக்கையைக் கைவிட வேண்டும். “உப்புத் தண்ணி பட்டா புண்ணு தானா ஆறிடும்” என்று காயத்தைக் கடலிலேயே கழுவுகிறவர்கள் ஏராளம். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகை பாக்டீரியாக்கள் இயல்பாகவே வாழ்கின்றன. ஆரோக்கியமானவருக்கு அவற்றால் பெரும்பாலும் தீங்கு இல்லை. கல்லீரல் நோயாளிக்கும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கும் அதே கிருமி ஒரே நாளில் உயிருக்கு உலை வைக்கலாம். சர்க்கரை நோயாளியும் ஏமாந்துவிடக் கூடாது.

கடல் காயத்துக்கு முதல் மருந்து நல்ல தண்ணீர்தான். குடிக்கத் தகுந்த தண்ணீர் எதுவானாலும் போதும். தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, பாட்டிலை அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அந்த வேகத்தில்தான் சதைக்குள் பதிந்த மணலும் சிப்பித் துணுக்கும் வெளியே வரும். ஐந்து நிமிடம் பொறுமையாகக் கழுவுங்கள். சுற்றியுள்ள தோலுக்குச் சோப்புப் போடலாம். இதைச் செய்யாமல் எவ்வளவு உயர்ந்த மருந்தைத் தடவினாலும் அழுக்கை உள்ளே வைத்துப் பூசியதாகத்தான் ஆகும்.

அடுத்தது கிருமிநாசினி. மருந்துக் கடையில் பல பெயர்கள் கண்ணில் படும். டெட்டால், சாவ்லான் இரண்டுமே நல்லவை. ஆனால் லேபிளில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்தாக வேண்டும். பயணத்தில் அளந்து கலக்க யாருக்கு வாய்ப்பு? அப்படியே ஊற்றினால் தோல் வெந்துவிடும். ஸ்பிரிட் திறந்த காயத்தில் உயிர் போகிற மாதிரி எரியும். நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் திசுவையும் கொல்லும். காயம் ஆறுவது தள்ளிப்போகும். ஸ்பிரிட், பெராக்சைடு இரண்டையும் பையில் வைக்கவே வேண்டாம்.

பயணத்துக்குப் பொருத்தமானது போவிடோன் அயோடின். 1811இல் பிரான்ஸில் பெர்னார் குர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டெடுத்தார். அதைச் சாராயத்தில் கரைத்த டிஞ்சர் கிருமியைக் கொன்றது, எரித்தும் எடுத்தது. 1950களில் அமெரிக்காவில் போவிடோன் என்ற பாலிமரோடு அயோடினைப் பிணைத்தார்கள். அயோடின் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவதால் எரிச்சல் குறைந்தது. பாக்டீரியா, பூஞ்சை, பல வைரஸ் என எல்லாவற்றின் மீதும் இது வேலை செய்யும். உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. குப்பி பையில் கசியும்; 5 சதவீத ஆயின்ட்மென்ட் ட்யூப் கசியாது. காயத்தைத் துடைத்துவிட்டு மெல்லிசாகத் தடவி, ஓரிரு நிமிடம் விட்டு, மேலே சுத்தமான துணியோ பிளாஸ்திரியோ போட்டால் போதும். தடவிய பழுப்பு நிறம் வெளுத்துவிட்டால் மருந்தின் வேலை முடிந்தது என்று பொருள். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தட்டும். கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

திருக்கை வால் முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தினால் கதை வேறு. அங்கே கிருமிக்கு முன்னால் விஷம் இருக்கிறது. தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்தால் வலி தணியும். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது என்பதால் முதலில் கையை விட்டுப் பாருங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தால் தோண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்தக் களிம்பாலும் முடியாத வேலை ஒன்று உண்டு. மண்ணில் கிடக்கும் டெட்டனஸ் கிருமியின் வித்துகளைக் காயத்தில் தடவும் மருந்தால் அழிக்க முடியாது. அதற்குத் தடுப்பூசிதான் வழி. முன்பே முழுத் தடுப்பூசித் தொடர் போட்டவருக்கும் சுத்தமான சின்னக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டு, மண்ணும் துருவும் பட்டது என்றால் ஐந்து ஆண்டு ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். வைத்திக்குப்பத்திலிருந்து ஆட்டோ ஏறினால் சிறிது நேரத்தில் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை வந்துவிடும். காயத்தைச் சுற்றிச் சிவப்பு படர்ந்தாலும், வீக்கமோ காய்ச்சலோ கண்டாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.