வேங்கிக்காலுக்கு விட்ட இடம்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், வேங்கிக்காலில் இருக்கிறது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். மாவட்டத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே தஞ்சாவூரின் தளத்தையோ தருமபுரியின் தளத்தையோ திறந்து பாருங்கள். மேலே அரசுச் சின்னம், மாவட்டத்தின் பெயர், எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான். அதன் கீழே மாவட்டம் பற்றி, துறைகள், சுற்றுலா, ஆவணங்கள், அறிவிப்புகள் என்று ஒரு பட்டை. ஊர்தான் வேறு, உடம்பு ஒன்று.

1976இல் தொடங்கப்பட்ட தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய எஸ்3வாஸ் என்ற சட்டகம்தான் காரணம். நாட்டின் எழுநூற்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களுக்குப் பொதுவான டெம்ப்ளேட்டுகளை அது தருகிறது. எழுத்தையும் படத்தையும் மாவட்டம் நிரப்புகிறது. சிலருக்கு இது அலுப்பாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பு மென்பொருளோடு தளத்துக்குள் வரும்போது, பட்டை முழுவதையும் கேட்டுக்கொண்டிராமல் நேரே செய்திக்குத் தாவ ஓர் இணைப்பு வேண்டும். அதைப் பொதுவான தாய் டெம்ப்ளேட்டில் ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் எல்லா மாவட்டங்களுக்கும் கிடைத்துவிடுகிறது.

இந்த முறையைப் படிக்க நல்ல இடம் ஜாங்கோ. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரின் நாளிதழ் அலுவலகத்தில் 2003இல் எழுதத் தொடங்கி, 2005இல் பொதுவெளிக்கு வந்த சட்டகம் அது. காலையில் கேட்ட பக்கம் மாலைக்குள் வேண்டும் என்ற பத்திரிகை அவசரத்தில் வளர்ந்ததால், எழுதியதையே திரும்ப எழுதுவதை அது விரும்புவதில்லை. தாய் டெம்ப்ளேட்டில் தலைப்பகுதி, பட்டை, அடிப்பகுதி எல்லாம் இருக்கும். நடுநடுவே பெயரிட்ட சில இடங்கள் விடப்பட்டிருக்கும். அவற்றுக்கு பிளாக் என்று பெயர். சேய் டெம்ப்ளேட் முதல் வரியிலேயே தன் தாய் யாரென்று சொல்லிவிட்டு, வேண்டிய பிளாக்கை மட்டும் நிரப்பும். நிரப்பாமல் விட்ட பிளாக்கில் தாய் எழுதியதே வரும். தாய் எழுதியதை வைத்துக்கொண்டே மேலே ஒரு வரி சேர்க்கவும் வழி உண்டு.

ஜாங்கோவோடு வரும் நிர்வாகப் பக்கத்தின் தலைப்பில் நம் அலுவலகப் பெயரைப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சட்டகத்தின் கோப்பைத் தொடத் தேவையில்லை. நம் டெம்ப்ளேட் அடைவில் அதே பாதையில், அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தால் ஜாங்கோ முதலில் நம்முடையதை எடுத்துக்கொள்ளும். எந்தக் கோப்பை நகலெடுக்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முழு உடம்பும் உள்ள பெரிய கோப்பு ஒன்று. அதையே தாயாகக் கொண்டு, தலைப்பையும் பெயரையும் மட்டும் வைத்திருக்கும் சிறிய கோப்பு இன்னொன்று. பெரியதை நகலெடுத்தவருக்கு அன்றைக்கு வேலை முடிந்துவிடும். அடுத்த பதிப்பில் சட்டகத்தார் அந்தக் கோப்பில் செய்யும் திருத்தம் எதுவும் அவர் பக்கத்துக்கு வராது, நகல் பழையதாகவே நிற்கும். சிறியதை நகலெடுத்தவருக்கு அந்தத் திருத்தங்கள் தாமாகவே வந்து சேரும்.

ஆகவே டெம்ப்ளேட் எழுதுபவரின் பெரிய முடிவு, எதையெல்லாம் திறந்துவிடுவது என்பதுதான். கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கான ஜனம் திருவண்ணாமலைக்கு வருகிறது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவருக்குத் தற்காலிகப் பேருந்து நிலையம் எங்கே, மருத்துவ முகாம் எங்கே என்று தெரிய வேண்டும். சின்னக் கைபேசித் திரையில், முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும். இப்படிச் சில நாள் மட்டும் உச்சியில் நிற்கும் அறிவிப்புக்கென்று ஒரு பிளாக் இல்லாத டெம்ப்ளேட்டில் என்ன நடக்கும்? கையெழுத்திட்ட தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றுவார்கள். வெறும் படமாக ஏறிய தாளைத் திரைவாசிப்பு மென்பொருளால் படிக்க முடியாது. அறிவிப்புகள் பகுதியில் கீழே தள்ளப்பட்டால் கண் உள்ளவருக்கும் கிடைக்காது.

தமிழுக்கும் இதே கணக்குதான். ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் அடங்கும் பொத்தான் தமிழில் 'தகவல் அறியும் உரிமைச் சட்டம்' என்று நீள்கிறது. ஆங்கிலத்தை வைத்து அளந்த பொத்தானில் பாதிச் சொல் வெளியே தள்ளும். வரி இடைவெளி குறைந்தால் மேல்விலங்கும் கீழ் வளைவுகளும் வெட்டுப்படும். இதை வேங்கிக்காலில் உட்கார்ந்து சரிசெய்தால் வேங்கிக்காலோடு நின்றுவிடும். தாய் டெம்ப்ளேட்டில் சரிசெய்தால் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் போகும். புதுச் சட்டகம் வடிவமைக்கும்போதே தமிழிலும் மலையாளத்திலும் நீண்ட சொற்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். தீபத்தன்று அறிவிப்பு ஏற்றும் ஊழியரையும் அப்போதே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

பிளாக்குகளுக்குள் தமிழும் ஆங்கிலமும் எப்படி மாறி மாறி வருகின்றன, மொழிபெயர்ப்புக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)