5 வருஷம் ஆடினா 650 பவுண்டு, ஆனா கிளப் மனசு வெச்சாதான்!

1936ல கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் வீரர் முகமது சலீம் கிளாஸ்கோ போய், பூட்ஸ் இல்லாம காலில் வெறும் கட்டோட செல்டிக் கிளப்புக்கு ரெண்டு மேட்ச் ஆடினார். ஊர் ஞாபகம் வந்து திரும்பிட்டார். இதைக் கேட்டா "அங்கேயே இருந்திருந்தா செட்டில் ஆகியிருக்கலாமே"ன்னுதான் நமக்குத் தோணும்.

பந்து ஆடி செட்டில் ஆகறது அப்போ அவ்வளவு சுலபமா? பக்கத்து இங்கிலாந்துல, மூன்றாம் டிவிஷன்ல ஆடின ஒரு சாதாரண வீரரோட கணக்கைப் பார்ப்போம்.

1922லிருந்து அங்க சம்பளத்துக்கு உச்சவரம்பு: சீசன்ல வாரம் 8 பவுண்டு, கோடையில 6. அப்போதைய மாற்று விகிதத்துல 8 பவுண்டுன்னா சுமார் 107 ரூபாய். ஃபேக்டரி தொழிலாளியோட ஒப்பிட்டா நல்ல காசுதான். ஆனா அது உச்சவரம்பு நண்பர்களே, குறைந்தபட்சம் இல்ல! மூன்றாம் டிவிஷன்ல பலருக்கு அதுக்கும் கீழதான்.

ஒப்பந்தம் ஒரு சீசனுக்கு மட்டும். முடிஞ்சதும் யாரை வெச்சுக்கறோம், யாரை விடறோம்னு கிளப் ஒரு லிஸ்ட் போடும். லிஸ்ட்ல பேர் இல்லேன்னா கோடைச் சம்பளமும் கிடையாது. பேர் இருந்தா இன்னொரு சிக்கல்: அவங்க சொல்ற சம்பளம் பிடிக்கலேன்னு லீக்ல வேற கிளப்புக்குப் போக முடியாது, பழைய கிளப் விடணும். நம்ம ஊர் நோட்டீஸ் பீரியட் எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. இந்த முறை நியாயமில்லாத கட்டுப்பாடுன்னு இங்கிலாந்து கோர்ட் சொன்னது 1963லதான், ஜார்ஜ் ஈஸ்தாம் வழக்குல.

சரி, சேமிப்பு? அதுக்கு 'பெனிஃபிட்'னு ஒண்ணு இருந்தது. ஒரே கிளப்ல 5 வருஷம் ஆடினா 650 பவுண்டு வரைக்கும் கொடுக்கலாம். உச்ச சம்பளத்துலயே அது 81 வாரக் காசு! கடை வைக்கலாம், வீடு வாங்கலாம். ஆனா 'கொடுக்கலாம்', அவ்வளவுதான். கொடுத்தே ஆகணும்னு இல்ல. வருஷா வருஷம் லிஸ்ட் போடற கிளப்புல, கையில காசில்லாத சின்ன கிளப்புல, 5 வருஷம் ஓட்டறதே பெரும்பாடு.

வந்த காசுலயும் வரி. 1927ல ரெண்டு தீர்ப்பு வந்தது. கிரிக்கெட் வீரர் ஜேம்ஸ் சீமோருக்கு பெனிஃபிட் மேட்ச்ல 900 பவுண்டுக்கு மேல வசூல். அது மக்கள் அன்பளிப்பு, வரி கிடையாதுன்னு பிரபுக்கள் சபை சொன்னது. கால்பந்து வீரர் ஹாரிசனுக்கு கிளப் கொடுத்த பெனிஃபிட் பணமோ வேலைக்கான ஊதியம், வரி கட்டுன்னு தீர்ப்பு. பாவம் மனுஷன்.

5 வருஷம்னதும் உங்களுக்கு கிராஜுவிட்டி ஞாபகம் வந்திருக்கும். வித்தியாசம், 1972 சட்டத்துக்கு அப்புறம் அது முதலாளியோட மனசைப் பொறுத்தது இல்ல, உங்க உரிமை. கடைசி பேசிக், டிஏ சேர்த்து 20,000 ரூபாய்னா, அதை 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து, 5 வருஷத்தால பெருக்குங்க: 57,692 ரூபாய். தனியார் ஊழியருக்கு 20 லட்சம் வரைக்கும் வரி விலக்கும் உண்டு.

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டுல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு வருஷ ஒப்பந்தத்துல வேலைக்குச் சேர்ற தம்பி, தங்கச்சி யாராவது இதைப் படிச்சா, உங்களுக்குத்தான் முக்கியமான விஷயம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புப்படி, கம்பெனியே நேரடியா குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கற ஊழியருக்கு 1 வருஷத்துலயே கிராஜுவிட்டி உண்டு. ஏஜென்சி மூலமா போறவங்க நிலைமை வேற. அதனால ஆஃபர் லெட்டர்ல முதலாளின்னு யார் பேர் போட்டிருக்குன்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க.