கையால் சொல்லும் வடைக் கதை

பாட்டி வடை சுட்ட கதையைக் காது கேளாத குழந்தைக்கு எப்படிச் சொல்வது? கண்தான் தெரிகிறதே, படப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போதாதா என்பார்கள். போதாது. எழுத்தைப் படிக்க முதலில் ஒரு மொழி வேண்டும். நாமெல்லாம் அம்மா பேசக் கேட்டு மொழியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் 'அ' எழுதினோம். கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேரின் பெற்றோர் காது கேட்பவர்கள். அவர்களில் பலருக்குச் சைகை மொழி தெரியாது.

அந்தக் குறையைத்தான் சைகை மொழிக் கதை வீடியோ நிரப்புகிறது. தமிழை வார்த்தை வார்த்தையாகக் கையில் காட்டுவதல்ல சைகை மொழி. அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. இந்தியச் சைகை மொழியில் 'யார்', 'எங்கே' போன்ற கேள்விச் சொல் பெரும்பாலும் வாக்கியக் கடைசியில்தான் வரும். வடைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்பவர் ஒரு பக்கம் உயரத்தில் மரத்தையும் காக்கையையும் வைப்பார், கீழே நரியை. அண்ணாந்து பார்த்தால் அவர் நரி, குனிந்து பார்த்தால் காக்கை. வடை விழும்போது அவர் கண்ணும் கூடவே இறங்கும். புருவமும் தோளும்கூடப் பேச்சில் சேர்த்தி. அவரைத் திரை மூலையில் சின்ன வட்டத்துக்குள் அடைத்தால் பாதிக் கதை போய்விடும். இடுப்புக்கு மேல் முழுதாக, பெரிதாகத் தெரிய வேண்டும்.

2018இல் ஹுவாவே நிறுவனம் ஐரோப்பியச் சைகை மொழிகளுக்காக 'ஸ்டோரிசைன்' செயலியைக் கொண்டுவந்தது. புத்தகப் பக்கத்துக்கு நேரே போனைப் பிடித்தால், ஸ்டார் என்ற பொம்மை உருவம் சைகையில் வாசித்துக் காட்டியது. நல்ல முயற்சிதான். ஆனாலும் கதைக்கு மனித முகமே மேல் என்பேன். கேளாதவர் ஒருவரே சொன்னால் இன்னும் நல்லது.

நம் நாட்டில் டெல்லியிலுள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட வீடியோ அகராதியை வெளியிட்டது. பாடநூல்களைச் சைகை மொழிக்குக் கொண்டுவர தேசியப் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியுடன் 2020இல் ஒப்பந்தமும் போட்டது. 2024 டிசம்பர் 6 முதல் பிஎம் இ-வித்யா கல்வித் தொலைக்காட்சியின் 31ஆம் சேனல் சைகை மொழிக்கென்றே ஓடுகிறது.

வட்டவடை போன்ற ஊருக்கு இதில் தனி வசதி ஒன்று உண்டு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். சைகை வீடியோவுக்கு அந்தத் தகராறு இல்லை. கை காட்டும் கதை ஒன்றேதான், அடியில் ஓடும் எழுத்தை மட்டும் தமிழுக்கோ மலையாளத்துக்கோ மாற்றினால் போதும். அம்மா அந்த வரியைப் படிப்பாள், பிள்ளை கையைப் பார்க்கும். நாலு கதை முடிவதற்குள் அம்மாவுக்கும் பத்துச் சைகை பழகிவிடும். மலையில் சிக்னலை நம்ப வேண்டாம். வட்டவடையில் ஒரு நூலகம் இருக்கிறது. அப்படி ஓரிடத்தில் வீடியோவை ஒருமுறை இறக்கி மெமரி கார்டில் ஏற்றித் தந்தால், அங்குள்ள கோவிலூர், பழத்தோட்டம் போன்ற ஊர்களிலும் அடுப்படியில் உட்கார்ந்தே பார்க்கலாம்.