ஆல்ப்ஸ் மலையின் புகைநிற ஸ்படிகம்

ஸ்படிகம் என்பது கடுங்குளிரில் அளவுக்கு மீறி இறுகிப்போன பனிக்கட்டியே என்று முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி எழுதிவைத்தார்; ஆல்ப்ஸ் மலையில், கயிற்றில் தொங்கினாலன்றி எட்டமுடியாத செங்குத்துப் பாறைகளில் அது அகப்படுவதைக் கேள்வியுற்றவர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. உண்மையோ நேர் எதிரானது. ஸ்படிகத்தை ஈன்றது வெந்நீர்.

ஆல்ப்ஸ் உயர்ந்துகொண்டிருந்த காலத்தில், பூமியின் ஆழத்திலிருந்த கருங்கற்பாறைகள் பிளவுபட, அப்பிளவுகளில் நிரம்பிய கொதிநீர் பக்கச் சுவர்களிலிருந்த சிலிகாவைக் கரைத்துக்கொண்டது. பின்னர் மலை மேலெழ மேலெழ நீர் மெல்ல ஆறி, தன்னால் தாங்கமாட்டாத சிலிகாவை அறுபட்டைக் கம்பங்களாகச் சுவரிலேயே படியவிட்டது. இது நிகழ்ந்து சுமார் ஒன்று முதல் இரண்டு கோடி ஆண்டுகள் ஆகின்றன. கல்லினுள் சிலிக்கனின் இடத்தில் ஆங்காங்கே அமர்ந்துவிட்ட அலுமினிய அணுக்களும், சுற்றியுள்ள பாறையின் யுரேனியமும் தோரியமும் யுகக்கணக்கில் வீசிய கதிர்களும் சேர்ந்துதான் அதற்குப் புகைவர்ணத்தை ஊட்டின. சில நூறு டிகிரி சூடேற்றினால் அவ்வர்ணம் மறைந்துபோகும். அங்ஙனம் வெளுக்கச் செய்வது என் மதிப்பில் கல்லுக்கு இழைக்கும் அநீதி.

ஸ்விட்சர்லாந்தில் 'ஸ்ட்ராலர்' எனப்படும் ஸ்படிகம் தேடுவோர், பாறையில் ஓடும் வெண்ணிறப் படிகக்கல் ரேகையையும் அதனருகே தெரியும் கரிய துவாரத்தையும் கண்டால் நின்றுவிடுவார்கள். துவாரத்தினுள் பெரும்பாலும் குளோரைட் என்னும் பச்சை மணல் அடைத்துக்கிடக்கும். அதைக் கொக்கியாலும் கையாலும் தோண்டி எடுக்கையில், விரலில் தட்டுப்படும் கூரிய விளிம்பும் குறுக்கே ஓடும் மெல்லிய வரிகளும் ஸ்படிகத்தைக் காட்டிக்கொடுக்கும். சில பிளவுகளில் ரோஜாவர்ண ஃப்ளோரைட் எண்முகக் கற்களாக விளைந்திருக்கும். கண்ணுக்கு இனியதாயினும் கடினத்தில் ஸ்படிகத்தின் 7-க்கு எதிரே 4 மட்டுமே பெற்ற அது மோதிரத்துக்கு உதவாது.

1868-இல், யூரி மாநிலத்துத் தீஃபன் பனியாற்றின் மேலிருந்த ஒரு குகையை குட்டான்னன் கிராமத்தார் திறந்தபோது, கிட்டத்தட்டக் கரியநிறமான ஸ்படிகங்கள் பத்து டன்னுக்கும் மேலாக வெளிவந்தன. அவற்றுள் 'அரசன்' எனப் பெயர்பெற்றது 127 கிலோகிராம் எடையுடையது; அதைப் பெர்ன் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காணலாம். கண்டெடுத்த பிளவில் தன் கருவியை விட்டுச் செல்பவனுக்கே அது உரியது என்பது ஸ்ட்ராலர்களின் பழைய மரபு; ஆயினும் இன்று யூரியில் அனுமதிச் சீட்டு வாங்காமல் உளியெடுப்பது குற்றம்.